கோழியிறகு மாஸ்டரின் படம்

"அவர் இதுக்குள்ளைதானே இருக்கிறார்?"

தங்கமுத்து மேசையிலிருந்த தகரப் பெட்டியைத் தொட்டுக் கேட்டாள். ஹெக்டர் மாஸ்டர் "ஓம்" என்று சொல்லிவிட்டார். அந்த ஓம்தான் எல்லாவற்றுக்கும் வினை.

பெட்டிக்குள் இருந்தது அவர் எடுத்த மீன்பிடிப் படம். மலைநாட்டில் படிப்பித்த காலத்தில் ஒரு தோட்டத்துத் துரையிடம் அவர் ஒரு வித்தை பழகியிருந்தார். புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம். கோழியிறகைப் பட்டுநூலால் கட்டி ஈ மாதிரிச் செய்து, அதைத் தண்ணீரில் வீசி மீனை ஏமாற்றுவது. கொக்குவிலுக்கு மாற்றலாகி வந்த பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. வல்வெட்டித்துறை ஆழ்வாப்பிள்ளையின் வள்ளத்தில் ஏறி, மூன்று மாதம் சனிக்கிழமை தவறாமல் வீசினார். சித்திர வாத்தியார் அன்புராஜா கமெரா பிடித்தார். மீன்கள் ஏமாறவில்லை. ஊர் அவருக்குக் கோழியிறகு மாஸ்டர் என்று பெயர் வைத்தது.

கடைசிச் சனிக்கிழமை ஒரு பாரை மீன் ஏமாந்தது. படத்தைப் பார்த்த இங்கிலாந்துத் தூண்டில் சங்கமொன்று பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. அது கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கியது.

அறுபத்துநாலு மார்கழிப் புயலில் ஆழ்வாப்பிள்ளை கடலோடு போனார். உடல் கிடைக்கவில்லை. வீட்டையும், வீட்டிலிருந்த ஒரே கலியாணப் படத்தையும் அதே கடல் கொண்டுபோய்விட்டது.

"வருஷம் முடியப்போகுது, ஆட்டைத் திவசம் வருது ஐயா. முகத்தை ஒருக்காப் பாத்தாக் காணும்," என்றாள் அவருடைய பெண்சாதி தங்கமுத்து. "எனக்கு மறந்துகொண்டு வருது."

ஆனால் ஆழ்வாப்பிள்ளை அந்தப் படத்தில் இல்லை. கமெராவைக் கண்டால் அந்த மனுஷன் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். "வள்ளக்காரன் இளிக்கிறதைத் துரைமார் பாப்பினமே?" என்று, அவர் வருகிற இடத்தையெல்லாம் மாஸ்டர் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார்.

"புரொஜெக்டர் பல்ப் எரிஞ்சுபோச்சுத் தங்கச்சி. வாற சனிக்கிழமை வாரும்."

அவள் படலையைத் தாண்டியதும் மாஸ்டர் குசினிக்கு ஓடினார்.

"ஐரிஸ்! நான் வெட்டின படத்துண்டுகள் எங்கை?"

"பயத்தங்கொடி கட்டினனான். நல்ல உறுதி," என்றாள் மனைவி.

பள்ளிக்கூடம் விட்டு வந்து நாலு நாள் மாஸ்டர் பந்தலில் முடிச்சவிழ்த்தார். வெயிலும் மழையும் குடித்து எல்லாத் துண்டும் வெளிறிப்போயிருந்தன. ஆழ்வாப்பிள்ளை கிடைக்கவில்லை. கொடி மட்டும் நிலத்தில் விழுந்தது. ஐரிஸ் இரண்டு நாள் கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, அவளுடைய தையல் பெட்டிக்குள் ஒரு சாண் துண்டு அகப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் அதே பல், அதே சிரிப்பு. ஓடவிட்டால் மூன்று நாலு செக்கன். மாஸ்டர் அதைப் படத்தின் தொடக்கத்தில் ஒட்டினார். பசை கொஞ்சம் தடிப்பாகப் போய்விட்டது.

சனிக்கிழமை தங்கமுத்து தனியே வரவில்லை. ஒரு வான் நிறையச் சனம் வந்தது. ஆழ்வாப்பிள்ளையின் தமையன் சோமசேகரம் பூமாலையோடு இறங்கினார். திரைக்காகக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியின் முன்னால் குத்துவிளக்கு வைத்தார்கள்.

"இஞ்சருங்கோ, இது சிலுவை தொங்கிற வேதக்கார வீடெல்லே?" என்று ஐரிஸ் காதுக்குள் கேட்டாள். பிறகு அவளே நெருப்புப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தாள்.

"படம் எவ்வளவு நேரம், மாஸ்டர்?" என்றார் சோமசேகரம்.

"பத்து நிமிஷம்."

"தம்பி எவ்வளவு நேரம் வருவான்?"

"அவர்... இடைக்கிடை வருவார்."

ஜன்னல்களைச் சாத்தினார்கள். புரொஜெக்டர் கடகடத்தது. வேட்டியில் ஆழ்வாப்பிள்ளை வந்தார், சிரித்தார். தங்கமுத்து "ஐயோ" என்று கையைக் கூப்பினாள். அந்த நேரம் பார்த்து ஒட்டின இடம் சிக்கிப் படம் நின்றது. அசையாமல் நின்ற சிரிப்பின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. அது விரிந்து முகம் முழுவதையும் தின்றது. அறையெல்லாம் பொசுங்கல் மணம்.

அந்த மனுஷனுக்குக் கொள்ளி வைக்கச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதையும் மாஸ்டரே வைத்துவிட்டார்.

பெண்கள் குழறி அழத் தொடங்கினார்கள். மாஸ்டர் ஜன்னலைத் திறந்தார்.

"அவ்வளவுதான் தங்கச்சி. வேறை இல்லை. மிச்சத்தை நான்தான் வெட்டி எறிஞ்சனான். பல்ப் எரிஞ்சதெண்டதும் பொய்." இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்ன மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

தங்கமுத்து அழவில்லை. அவரை ஏசவும் இல்லை.

"மீன் படுகிற இடமும் எரிஞ்சுபோச்சே ஐயா?"

"அது இருக்கு. ஆனால் அதிலை அவர் இல்லைத் தங்கச்சி. நங்கூரக் கல் சிக்கிப்போச்செண்டு தண்ணிக்குள்ளை குதிச்சிட்டார். நான் வெட்டத் தேவையில்லாத ஒரே இடம் அதுதான்."

"அதைப் போடுங்கோ."

போட்டார். வேட்டியில் மாஸ்டர் வள்ளத்தின் நடுவே நிமிர்ந்து நின்று இறகை வீசினார். தடி வில்லாக வளைந்தது. நூல் இடப்பக்கம் ஓடியது, வலப்பக்கம் ஓடியது, மாஸ்டரை ஒருதரம் முழங்காலில் விழவும் வைத்தது. ஒரு நிமிஷம் பெரும் போராட்டம். கடைசியில் பாரை துள்ளிக்கொண்டு மேலே வந்தது. இங்கிலாந்துச் சங்கம் புகழ்ந்த இடம் இதுதான். மாஸ்டருக்குத் தன் முகத்தையே பார்க்க வெட்கமாக இருந்தது.

தங்கமுத்து எழுந்து போய், நூல் தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் விரலை வைத்தாள். அவள் சிரித்தாள். புயலுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கண்டார்கள்.

"நீங்கள் மூண்டு மாசமா வெறுங்கையோடை போறியளெண்டு பாவம் பாத்து, காலமை பிடிச்ச பாரையை உயிரோடை வள்ளத்துக்கு அடியிலை கட்டிவைச்சவர், ஐயாட்டைச் சொல்லிப்போடாதை எண்டும் சொன்னவர்," என்றாள் அவள். "இந்த நூலைக் கீழை நிண்டு இழுக்கிறது அவர்தான்."