மூன்று வேற்றுமையில் ஒரு பனியன் கம்பெனி

தபாலில் ஆறு மாதம் கிரேக்கம் படித்தவளுக்கு இருக்கும் தைரியம் கிரேக்கர்களுக்கே இருந்திருக்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பைபிளை மூலமொழியில் வாசிக்கிறேன் பேர்வழி என்று திருப்பூர் நல்லூர் முழுக்க அலட்டிக்கொண்டு திரிந்தேன். (வாசித்தது மொத்தம் பன்னிரண்டு வசனம்.)

அந்த நேரம் பார்த்து அக்கா, இன்னொருவர் கம்பெனியில் டெய்லராக இருந்தது போதும் என்று சொந்தமாகப் பனியன் கம்பெனி ஆரம்பித்தாள். முதல் எக்ஸ்போர்ட் ஆர்டரும் வந்தது. அது நல்லபடியாகப் போனால் கம்பெனி நிற்கும். இல்லாவிட்டால் மறுபடி பழைய மெஷின்.

"பேரு பைபிள்ல இருந்து வேணும் கண்ணு. துணிக்கும் பொருந்தோணும்."

"தியத்தீரா" என்றேன். சாயத்துணி விற்ற லீதியாளின் ஊர். 'மகள்' என்று அதற்குப் பொருள் சொல்வோரும் உண்டு. அக்காவுக்கு அப்போது கைக்குழந்தை. அதன் பேரும் லிதியா. அக்கா கண்கலங்கிவிட்டாள். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். லேபிள், பில், அட்டைப்பெட்டி மூன்றையும் அச்சடிக்கும் வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கிரேக்கத்தில் ஊர்ப்பெயரும் வேற்றுமை ஏற்கும். நாம் திருப்பூர், திருப்பூரின், திருப்பூரில் என்பதில்லையா, அதே மாதிரி. பனியன் லேபிளில் எழுவாயாக, தியத்தீராவின் கிரேக்க வடிவமான 'தியாத்தைரா'. பில்லில் தியத்தீராவின் சரக்கு, ஆகவே 'தியாத்தைரோன்'. பெட்டியில் தியத்தீராவில் செய்தது, ஆகவே 'தியாத்தைரோயிஸ்'. எல்லாம் ஆங்கில எழுத்தில், தங்க நிறத்தில். (அந்தப் பெயர் பன்மை வேறு. ஓர் ஊருக்கு ஏன் பன்மை என்பது அடுத்த பாடத்தில் வருமாம். அடுத்த பாடம் நான் படிக்கவில்லை.) இலக்கணப்படி ஒரு பிழை கிடையாது, இன்றும் சொல்வேன்.

சரக்கை செக்கிங் செய்ய வந்தவர் பெட்டியைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், பனியனின் கழுத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது மூணு கம்பெனி சரக்குங்களா?"

"இல்லீங்க, ஒரே பேருதானுங்க. வேற்றுமை மட்டுந்தான்."

"அதையேதானுங்க நானுஞ் சொல்றேன்."

ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. அக்கா பழைய கம்பெனியில் போய் உட்கார்ந்தாள். மறுபடி சொந்தமாகத் தொடங்க மூன்று வருடம் ஆனது. அதுவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த மூன்று வருடமும் சொந்தபந்தம் அத்தனையும் தியாத்தைரா பனியனோடுதான் திரிந்தது.

லிதியாவின் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போனபோது, எட்டிப் பார்க்கலாமே என்று வீரபாண்டி அச்சகத்துக்குப் போனேன். என் பேரைச் சொன்னதும் அச்சகக்காரர் எழுந்து வந்து வாசலை மறித்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்கக்கா ஊடு தேடி வந்து சொல்லீட்டுப் போனாங்க. புள்ள பேரு எல்லாப் பக்கமும் லிதியான்னே இருக்கோணுமாம். வேற்றுமைக்காரி வந்தா உள்ள உடவே கூடாதாம்."