சம்பந்தியம்மாவைக் காட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர் காளி

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஜீவனஹள்ளியில் காளி அவதரித்தாள். மலையிலும் இல்லை, மரத்தடியிலும் இல்லை. ஒரு மாடிவீட்டு முன்னறையில், கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அவதரித்தாள். காலத்துக்கு ஏற்ற காளி!

அவளுக்கு அடியார் கணினியானந்த சுவாமிகள். பூர்வாசிரமப் பெயர் சேஷகிரி. அதே மாடியில் முன்பு கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார். படிக்க ஆள் வரவில்லை. கும்பிட வைத்தார், தெருக்கோடி வரை வரிசை நின்றது.

உங்கள் வீட்டுக் கல்யாண சிடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். சாமி அதைப் பெட்டிக்குள் போட்டு, கழுத்து நிறையச் சாமந்தி மாலையோடு சம்மணமிட்டு உட்காருவார். கீபோர்டுக்குப் பட்டுத்துணி போர்த்தியிருக்கும். மவுஸ் தட்டில் விபூதிக்கு நடுவே கிடக்கும். இரண்டையும் யாரும் தொடமாட்டார்கள்.

"ஓம் ஹ்ரீம் ப்ளே!" என்பார். கல்யாணப் படம் ஓடும்.

"ஓம் க்லீம் ஸ்டாப்... ஸ்வாஹா!" என்பார். படம் நிற்கும். எந்த முகத்தில் நிற்கிறதோ அந்த ஆள்தான் உங்கள் குடும்பத்துக்குச் செய்வினை வைத்தவர்.

வடமொழி மந்திரம் என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. காளிக்குத் தமிழும் தெரியாமல் கன்னடமும் தெரியாமல் இங்கிலீஷ் மட்டும் எப்படித் தெரியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கான்வென்டில் படித்த காளி போலும்! வேண்டுதல் பலித்தவர்கள் வெள்ளியில் சின்ன மவுஸ் செய்து காணிக்கை வைத்தார்கள்.

அந்த வரிசையில் ஒருநாள் வள்ளியம்மாவும் நின்றாள். அவள் வீட்டில் மிக்ஸி புகைந்துவிட்டது. மகன் ராகேஷுக்குப் பிரமோஷன் வரவில்லை. அவளுக்கு முட்டிவலி. மூன்றுக்கும் ஒரே காரணம் இருந்தாக வேண்டும் அல்லவா? மகன் கல்யாண சிடியோடு போனாள். படம் சம்பந்தியம்மா சின்னத்தாயியின் முகத்தில் போய் நின்றது.

மருமகள் மகா தொம்மலூரில் ஆபீஸ் வேலை முடிந்து, ஏழு மாத வயிற்றோடு பஸ்ஸில் நசுங்கி வீடு திரும்பினாள். கூடத்தில் தீர்ப்பு தயாராக இருந்தது.

"உங்கம்மா இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. சீமந்தத்துக்கும் வேணாம்."

"எங்கம்மா இன்னா பண்ணாங்க அத்தை?"

"செய்வினை. காளியே காட்டிட்டா. பச்சப் பட்டுல பளிச்சுனு நிக்கிறாங்க!"

மகா கணவனைப் பார்த்தாள். ராகேஷ் நல்லவன். ஆனால் அம்மாவுக்கு எதிரே அவன் முதுகெலும்பு விடுப்பில் போய்விடும். "கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ மகா" என்று சீலிங் ஃபேனிடம் சொன்னான்.

மகா அன்றிரவு சாப்பிடவில்லை. வளையல் போட அம்மா இல்லாமல் என்ன சீமந்தம்? மகள் வாழ்க்கைப்பட்ட வீடு என்று வரும்போதெல்லாம் பலகாரம் சுமந்து வரும் அம்மாவா செய்வினை வைத்தாள்? போனில் இந்தச் செய்தியை அம்மாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் தோழி மௌரீன் ரிச்சர்ட்ஸ் டவுனில் தன் வீட்டுக்கு அழைத்தாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்த அவள் கணவருக்கு இரண்டு கையிலும் மாவுக்கட்டு. மனிதர் சோபாவில் சாய்ந்து கம்ப்யூட்டரில் ஒரு சண்டைப்படம் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலரில் குட்டி மைக்.

"ப்ளே" என்றார். படம் ஓடியது. "ஸ்டாப்" என்றார். நின்றது.

மகாவின் கையில் இருந்த கேக் தட்டிலேயே விழுந்தது. "இதுக்குள்ள யாரு இருக்காங்க?"

"யாரு இருப்பாங்க? சாஃப்ட்வேர்தான். சொன்ன வார்த்தையக் கேட்டு நடக்கும்" என்றாள் மௌரீன். "நான் சொன்னாலும் கேட்கும். இந்த வீட்ல என் பேச்சக் கேக்குற ஒரே ஜீவன் அதான்!"

அவள் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். படத்தில் வில்லன் ஓடினான். போலீஸ்காரர் "ஸ்டாப்!" என்று கத்தினார். படமே நின்றுவிட்டது. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மகாவின் சிரிப்பு பாதியில் நின்றது. சாமியின் அறையில் படம் ஊமையாகத்தான் ஓடுகிறது, காளிக்கு இரைச்சல் ஆகாதாம் என்று அத்தை சொல்லியிருந்தாள். காளிக்கா ஆகாது, மைக்குக்கா?

வீட்டுக்கு வந்ததும் அத்தையின் முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி பேச்சுக் கொடுத்தாள்.

"அங்க போனதும் முதல்ல இன்னா கேட்டாங்க அத்தை?"

"யார் மேல மனஸ்தாபம்னு சிஷ்யன் கேட்டான். உங்கம்மா நம்ம வீட்டு சாம்பாரத் தண்ணினு சொன்னத சொன்னேன்."

"அப்புறம்?"

"கல்யாணத்துல இன்னா புடவை கட்டியிருந்தாங்கனு கேட்டான். பச்சப் பட்டுன்னேன்."

"ஏன் அத்தை, காளிக்குத் தெரியாதா?"

வள்ளியம்மா சற்று யோசித்தாள். யோசனை பழக்கமில்லாததால் உடனே கைவிட்டாள். "சாமி விஷயத்துல பேஜார் பண்ணாத. வேணும்னா நீயே வந்து பாரு."

மகா அதற்காகத்தான் தைலம் தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை சாமியின் முன்னறையில் மூச்சுவிட இடமில்லை. கர்ப்பிணி என்று மகாவுக்கு மட்டும் முன்வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்தது. சாமி அதே கல்யாண சிடியைப் போட்டார்.

"சாமி, ஒரு சந்தேகம்" என்று மகா கைகூப்பினாள். "படத்த நிறுத்துறது நீங்களா, காளியா?"

"சகலமும் அவளே, மகளே!"

"அப்ப உங்க கண்ணுக்கு இதுல வேலையே இல்லையா?"

"ஊனக்கண் எதற்கு? எனக்கு ஞானக்கண் இருக்கிறது!"

"அந்த அற்புதத்த எல்லாரும் பாக்கணும் சாமி" என்று மகா தன் துப்பட்டாவை எடுத்து நீட்டினாள். "ஊனக்கண்ணக் கட்டிக்குங்க."

சாமிக்கு வியர்த்தது. இன்று நட்சத்திரம் சரியில்லை என்றார். தலைவலி என்றார். ஆனால் கூட்டம் விடவில்லை. புது அற்புதம் என்றதும் அவர்களுக்கு வெறி வந்துவிட்டது. "கட்டிக்குங்க சாமி! காளி மகிமையக் காட்டுங்க!" அவருடைய சொந்தப் பக்தர்களே அவர் கண்ணைக் கட்டினார்கள்.

"ஓம் ஹ்ரீம் ப்ளே!"

மாலை மாற்றினார்கள். தாலி கட்டினார்கள். சாமி இருட்டில் குத்துமதிப்பாகக் காத்திருந்தார். பிறகு துணிந்து உறுமினார்.

"ஓம் க்லீம் ஸ்டாப்... ஸ்வாஹா! பார்த்தீர்களா அந்தப் படுபாவி முகத்தை! குடும்பத்தைக் கெடுத்தவள் இவளே! இவளை வாசற்படி மிதிக்க விடாதீர்கள்!"

கூட்டம் திரையை எட்டிப் பார்த்தது.

பந்தியில் உட்கார்ந்து, வாயை ஆவென்று திறந்து, முழு லட்டை உள்ளே தள்ளிக்கொண்டிருந்த வள்ளியம்மாவின் மேல் படம் நின்றிருந்தது.

"யார்ரா படுபாவி?" என்று எழுந்தாள் வள்ளியம்மா. முட்டிவலி போன இடம் தெரியவில்லை. "என் வீட்டுக்கு நானே செய்வினை வெச்சேனா? என் மிக்ஸிக்கு நானா சூனியம் வெச்சேன்?"

சாமி துப்பட்டாவை இழுத்து எறிந்தார். திரையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "காளி கோபமாக இருக்கிறாள்... மறுபடியும்..."

மகா குனிந்து அவர் மாலையருகே "ப்ளே" என்றாள். படம் ஓடியது. "ஸ்டாப்" என்றாள். நின்றது. ஓமும் இல்லை, ஸ்வாஹாவும் இல்லை.

"நகரு நீ" என்று வள்ளியம்மா மாலையைப் பிடித்து இழுத்தாள். சாமந்தி சிதறியது. உள்ளிருந்து ஒயரோடு ஒரு குட்டி மைக் வந்தது. "பூவுக்குள்ள எதுக்குடா ஒயரு?"

அதை வாயருகே வைத்து, "ப்ளே!" என்று அதட்டினாள். காளி அவளுக்கும் அடிபணிந்தாள்.

அப்புறம் திருவிழாதான். ஆளாளுக்கு மைக்கை வாங்கி ஸ்டாப் சொன்னார்கள். படம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு முகத்தில் நின்றது. புரோகிதர், மேளக்காரர், இரண்டாம் தடவை பாயசம் கேட்டவர் என்று மண்டபம் முழுக்கச் சூனியக்காரர்கள்! ஒரு கன்னடத்து அம்மாள், "நிஜவா? இதை நம்பியா என் தங்கச்சியோட பேச்ச விட்டேன்?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். சாமி பின்படியில் இறங்கப் பார்த்தார். கீழே நின்ற வரிசை அவரை வழிமறித்து, வெள்ளி மவுஸ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் போலீஸுக்குச் சொல்லியனுப்பியது.

மறுநாள் காலை வள்ளியம்மா ஆட்டோ பிடித்துச் சின்னத்தாயியின் வீட்டுக்குப் போனாள். மகா எதுவும் சொல்லியிருக்கவில்லை. நடந்ததை எல்லாம் வள்ளியம்மாவே தன் வாயால் சொன்னாள். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

சின்னத்தாயி "என்னைப் போயி..." என்று மட்டும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வள்ளியம்மா அவள் கையை விடவில்லை.

"என்னை ஏசிடுங்க. ஆனா சீமந்தத்துக்கு முதல் வளையல் நீங்கதான் போடணும் சம்பந்தியம்மா."

"போடறேன். சாம்பார் மட்டும் நான் வைக்கிறேன்" என்றாள் சின்னத்தாயி. முதலில் சிரித்தது யார் என்று இருவருக்கும் நினைவில்லை.

சீமந்தத்தன்று ராகேஷ், முதுகெலும்பு விடுப்பு முடிந்து திரும்பியவனாக, "எனக்கு அப்பவே சந்தேகம்" என்றான். மகா பார்த்த பார்வையில் பந்தி பரிமாறப் போய்விட்டான்.

இப்போது பக்கத்துப் பேட்டையில் செல்போன் சித்தர் ஒருவர் வந்திருக்கிறாராம். ரிங்டோனில் அருள்வாக்கு. வரிசை நிற்கிறதாம். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சொன்னதை எல்லாம் யோசிக்காமல் செய்வது கம்ப்யூட்டரின் பிழைப்பு. அதற்கு மூளை இல்லை. உங்களுக்கு என்ன சாக்கு?