அசையாத சூரியன்

டக்.

கொஞ்சம் அமைதி. மறுபடியும் டக். பாதி இறக்கிய ஷட்டருக்குள்ளிருந்து ஒரு குரல், "சிவப்பு விழுந்துடுச்சு, ஃபாலோ போடுங்க பார்க்கலாம்" என்றது.

தெருவில் போகிறவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை மூடிக் கிடக்கும் தையல் கடை. குனிந்து உள்ளே போனால்தான் தெரியும், துணி வெட்டும் மேஜைமேல் கேரம் பலகை. ஒரு பக்கம் தையற்காரர். எதிர்ப்பக்கம் அச்சகத்தில் பிழை திருத்தும் நம் ஆள். வீட்டுக்குத் தெரிந்தவரை, அவர் இந்நேரம் கடலோரப் பாறைமேல் நின்று, பழைய கலங்கரை விளக்கத்தின் பக்கத்தில் சூரியன் இறங்குவதைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்.

கேரம் என்றால் வீட்டில் முகம் கோணும். கலை என்றால் டீ போட்டுக் கொடுத்து வழியனுப்புவார்கள். இந்த உண்மை அவருக்குப் புரிந்த வாரம் அவர் நிஜமாகவே காமிராவோடு கடற்கரைக்குப் போனார். ஒரே மாலையில், ஒரே பாறையில் நின்று, ஒரு வருஷத்துக்குக் காணும் அளவுக்கு அஸ்தமனங்களை எடுத்துத் தள்ளினார். மஞ்சள், ஆரஞ்சு, ரத்தச் சிவப்பு, கத்திரிப்பூ நிறம். படத்தில் தேதி தெரியாமலும் பார்த்துக்கொண்டார். பிழை திருத்துகிறவர் அல்லவா. அதற்குப் பிறகு, வேளைக்கு ஒரு மாத்திரை மாதிரி, ஞாயிறுக்கு ஒரு சூரியனை மனைவிக்குக் காட்டிவந்தார். நாலைந்து மாதமாக வண்டி ஓடுகிறது.

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வாரமெல்லாம் ஊரார் தப்பையே தேடித் தேடிப் பூத்துப்போன கண்கள். தனக்கென்று அவருக்கு இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

அன்று வீடு திரும்பியபோது மனைவி மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? காட்டுங்க."

காட்டினார். கத்திரிப்பூ நிறம்.

"அழகா இருக்கு. எங்க நின்னு எடுத்தீங்க?"

"அதே பாறைதான். இடத்தை மாத்தினா அப்புறம் அது என்ன கலை? நான் ஒரு அங்குலம் நகரமாட்டேன்."

"நீங்க நகரமாட்டீங்க, அது எனக்குத் தெரியாதா." துணிக் கிளிப்பைப் பல்லில் கடித்தபடி படத்தை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "சூரியன் நகருமே."

"என்னது?"

"நீங்க முதல் படம் காட்டின சமயத்துல அது நம்ம தண்ணித் தொட்டிக்குப் பின்னால இறங்கிட்டிருந்துச்சு. துணி மேல நிழல் விழுதேன்னு கொடியை ரெண்டு தடவை மாத்திக் கட்டிட்டேன். இப்போ மருந்துக்கடை மாடியைத் தாண்டிப் போயிடுச்சு. அங்க பாருங்க, இன்னும் சிவப்புகூடக் கலையல."

பார்த்தார். கலையவில்லைதான்.

"உங்க படத்துல மட்டும் லைட் ஹவுசுக்கு வலது பக்கமே நிக்குது. அங்கயே குடி வந்துடுச்சாங்க?"

அவர் தொண்டையைச் செருமினார். "கடல்ல பார்க்கிற சூரியன் வேற, மாடியில பார்க்கிற சூரியன் வேற. கண்ணு ஏமாத்தும்."

"இருக்கும், இருக்கும்." அவள் குரல் உயரவில்லை. "அப்போ அந்தப் பாறையில நின்னு நானே பார்த்துடறேன். அடுத்த ஞாயித்துக்கிழமைலேர்ந்து காமிராவை நான் எடுத்துட்டுப் போறேன். நீங்க வீட்ல இருந்து துணி எடுங்க."

"வாராவாரமா?"

"ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கிட்டா அப்புறம் அது என்ன கலை?"

கடைசி அஸ்திரத்தையும் விட்டுப் பார்த்தார். "உனக்குக் காமிராவைப் பிடிக்கவே தெரியாதேம்மா."

"சூரியன் எங்க இருக்குன்னு தெரியுமே."

கொடியிலிருந்து போர்வையை உருவி, அதன் இரண்டு மூலைகளை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கி, மூலையோடு மூலை சேர்த்து மடிக்க ஆரம்பித்தார்.