ஏழு மணியும் பவுடர் டப்பாவும்

“உங்க எதிர்காலத்தைப் பத்தி உங்ககிட்ட கொஞ்சம் பேசணும் சார்” என்று ஏழு மணி சொன்னபோது கார் மூன்றாவது கியரில் ஓடிக்கொண்டிருந்தது.

பிரேக் காலை அழுத்தினார். கார் நடுச்சாலையில் நின்றது. பின்னால் வந்த வேன்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவருடைய பரம்பரையை விசாரித்தார்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பெயரே பிரேக்தான். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். பதினோரு வருஷமாக அதன்மேல் கால் வைத்தபடியே அவருக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. கல்யாணப் பேச்சு எடுத்த இடத்திலெல்லாம்கூட யாருடைய காலோ வந்து மிதித்துவிட்டது.

படிக்க வருகிறவர்களை அவர் நேரத்தை வைத்துத்தான் கூப்பிடுவார். ஆறு மணி ஒரு தையல்காரர். எட்டு மணி ஒரு வங்கி மேனேஜர். ஏழு மணி, வெள்ளைக் கைப்பையோடு வரும் முப்பது வயதுப் பெண். இத்தனை வருஷத்தில் ஓட்டும்போது அவர் முகத்தைப் பார்த்துப் பேசிய ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் சாலையைப் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். ஆனாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே.

“எங்க பேசலாம்?” என்றார். குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை, காபிக் கடையில.”

ஞாயிற்றுக்கிழமை அக்காவே அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தாள். “இதையாவது நழுவ விட்டுடாதடா” என்று காலரை இழுத்துச் சரிசெய்தாள். அவர் அரைமணி முன்னதாகவே போய் உட்கார்ந்தார். ஏழு மணி வந்தாள், காபி சொன்னாள், கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு வட்டம் போட்டாள்.

“இது நீங்க.”

“சரி.”

அதற்குக் கீழே இன்னும் இரண்டு வட்டம். “இந்த ரெண்டும் உங்களுக்குக் கீழ வரணும்.”

பிரேக்குக்குக் காது சிவந்தது. இரண்டு போதும் என்பதுதான் அவருடைய அபிப்பிராயமும். ஆனால் அவள் நிறுத்தவில்லை. இரண்டுக்குக் கீழே நாலு, நாலுக்குக் கீழே எட்டு என்று பேனா இறங்கிக்கொண்டே போனது. பேரன் பேத்தி வரைக்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. பதினாறு வட்டம் வந்தபோதுதான் லேசாகச் சந்தேகம் தட்டியது.

“இதுல நீங்க எங்க இருக்கீங்க?”

“நான் உங்களுக்கு மேல சார்.” அவள் ஒரு பச்சை டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “சத்துப் பவுடர். காலையில ஒரு டம்ளர் பால்ல கலந்து குடிச்சாப் போதும். மூட்டு வலி, முடி கொட்டறது, மனக்கவலை எல்லாம் போயிடும். மாசம் நாலு டப்பா நீங்க வாங்கணும். உங்களுக்குக் கீழ சேர்றவங்களும் வாங்கணும்.”

வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். பிரேக்கும் எழுந்திருக்கத்தான் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவள், “இனிமே நாம ரெண்டு பேரும் வாராவாரம் மீட்டிங்ல பார்த்துக்கலாம்” என்றாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் வகுப்புக்கு ஏழு மணி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சனிக்கிழமை மீட்டிங் நடக்கும் ஹால் வாசலில் அவர் காத்திருந்தபோது ஒரு கார் வந்தது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த சின்ன இடத்துக்குள் ஒரே திருப்பில் பின்பக்கமாக நுழைந்து நின்றது. ஏழு மணி இறங்கினாள். மூன்று வாரம் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தும் அவளுக்கு வராத ரிவர்ஸ் அது.

“லைசென்ஸ் வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சு சார்” என்றாள் கூச்சமே இல்லாமல். “டிரைவிங் மாஸ்டர்னா தினம் பத்துப் பேர் பக்கத்துல உட்காருவாங்க, நடுவுல இறங்கி ஓடவும் முடியாதுன்னு மேல இருக்கறவங்க சொன்னாங்க. ரெண்டு பேரைச் சேர்த்துட்டு வாங்க. அப்புறம் நிறையப் பேசலாம்.”

ஊரில் இன்னும் மூன்று பயிற்சிப் பள்ளிகள் இருக்கும்போது அவள் தன்னைத்தான் தேடி வந்தாள் என்று பிரேக் மனசைத் தேற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை டப்பாக்கள் காரில் ஏறின.

“இண்டிகேட்டர் போடுங்க. திரும்புங்க. உங்களுக்கு மூட்டு வலி உண்டா?” என்று ஆறு மணியைக் கேட்டார். தையல்காரர் குழம்பிப்போய் வைப்பரைப் போட்டார். எட்டு மணி, “எங்க பேங்க்லயே பத்துத் திட்டம் இருக்கு, நீங்க சேர்றீங்களா?” என்று திருப்பிக் கேட்டார். ஒன்பது மணி வீட்டுக்குப் போய், வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டதாகப் போன் செய்தாள்.

சேர்ந்தது ஒரே ஒரு ஆள். பள்ளி ஆபீஸில் விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்தும் பெண். அவளை எல்லோரும் முத்திரை என்றே கூப்பிடுவார்கள். பேச்சும் முத்திரை குத்துகிற மாதிரி ஒற்றை வார்த்தைதான்.

“ஒரு பவுடர் இருக்கு. மாசம் நாலு டப்பா...” என்று பிரேக் ஆரம்பித்தார்.

“சரி” என்றாள் முத்திரை.

“நான் இன்னும் சொல்லி முடிக்கலையே?”

“சொல்லுங்க. கேக்கறேன்.”

அரைமணி நேரம் சொன்னார். அவள் ஒரு விண்ணப்பத்தைக்கூடத் தொடாமல், கறுப்புக் காபியை ஆறவிட்டு, கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். தனக்குள் இப்படி ஒரு விற்பனைத் திறமை ஒளிந்திருந்தது பிரேக்குக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து, “பவுடர் எப்படி இருக்கு?” என்று விசாரித்தார்.

“நல்லா இருக்கு. தினமும் காலையில பால்ல கலந்து குடிக்கறேன்.”

அவருக்குப் பெருமை ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். அவருடைய டப்பாக்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. ஒன்றைத் திறந்து முகர்ந்தவர் உடனே மூடிவிட்டார். மற்றதையெல்லாம் அவர் திறக்கவே இல்லை. ஏழு மணியின் முகத்துக்காக வாங்கியதை எதற்காகத் திறக்க வேண்டும்?

“கட்டிலுக்கு அடியில என்னடா அது?” என்றாள் அக்கா.

“கல்யாண விஷயம்தான்” என்றார். அக்கா அதற்குமேல் கேட்கவில்லை.

இரண்டாவது ஆள் கிடைக்காததால் காரிலும் டப்பாக்கள் பெருகின. ஒரு நாள் திருப்பத்தில் ஒரு டப்பா உருண்டு வந்து அவருடைய பிரேக்குக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எதிரே பள்ளியின் வாசல். “நிறுத்துங்க!” என்று எட்டு மணியிடம் கத்தினார். மேனேஜர் பதறிப்போய் ஆக்சிலரேட்டரை மிதித்தார். பிரேக் தன் பிரேக்கை மிதித்தார். டப்பா தரமானது, நசுங்கவில்லை. கார் நேராகப் போய்ப் பள்ளியின் பெயர்ப்பலகையில் முட்டியது.

முதலாளி வெளியே வந்தார். பலகையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், டப்பாவையும் பார்த்தார்.

“‘பாதுகாப்பான பயிற்சி’ன்னு எழுதின இடத்துலதான் ஓட்டை விழுந்திருக்கு” என்றார் நிதானமாக. “நாளைக்கு இந்தக் கார்ல ஒரு டப்பா இருந்தாலும் நீங்க இங்க இருக்க மாட்டீங்க.”

பிரேக் டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது முத்திரை ஒரு பெரிய பையோடு வந்து நின்றாள்.

“எல்லாத்தையும் நான் எடுத்துக்கறேன். எங்க வீட்ல தீர்ந்து போச்சு.”

“பன்னெண்டு டப்பா இருக்குங்க. வீட்ல எத்தனை பேரு?”

“நானும் அப்பாவும்.”

அப்பாவுக்கு நல்ல ஜீரண சக்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பன்னிரண்டு டப்பாவின் புண்ணியத்தில் பிரேக், அந்த மாதத்தின் ‘வளரும் நட்சத்திரம்’ ஆனார். மேடைக்குக் கூப்பிட்டுச் சட்டையில் ஒரு பிளாஸ்டிக் நட்சத்திரம் குத்தினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் இறங்கி வந்து ஏழு மணிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இப்போதும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காவிட்டால் இந்த ஜன்மத்தில் வண்டி நகராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“நான் பவுடருக்காகச் சேரலைங்க. உங்களுக்காகத்தான் சேர்ந்தேன்.”

“தெரியும் சார்” என்றாள் அவள். ஆச்சரியப்படவே இல்லை. “பவுடருக்காக யாரு சேர்றா?” மேடையில் மைக் பிடித்திருந்த கோட்டுக்காரரைக் கண்ணால் காட்டினாள். “நான் அவருக்காகச் சேர்ந்தேன். நாலு வருஷம் ஆச்சு.”

“அவரு?”

“அவரு, அவருக்கு மேல இருக்கற மேடத்துக்காகச் சேர்ந்தாரு.”

“அந்த மேடம்?”

“போன மாசம் அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. மாப்பிள்ளை பால் வியாபாரி.”

பிரேக் கோட்டுக்காரரை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, “உங்க வீட்ல எத்தனை டப்பா இருக்கு?” என்று கேட்டார்.

“எண்றதை விட்டுட்டேன்” என்றாள். கண் மட்டும் மேடையை விட்டு நகரவில்லை.

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது, அழுகைகூட வந்தது. நட்சத்திரத்தைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஒரு விஷயம் மட்டும் மனசை உறுத்தியது. இவ்வளவு பெரிய கூட்டத்தில் பவுடரை நம்பி வாங்கிய ஒரே ஜீவன் முத்திரைதான். அந்த அப்பாவிப் பெண்ணை ஏமாற்றிவிட்டோமே. விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, மிச்சமிருக்கும் டப்பாக்களைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போனார். பதினோரு வருஷம் ஒரே இடத்தில் வேலை செய்தும் அதுதான் முதல் தடவை.

கையில் செய்தித்தாளோடு அவளுடைய அப்பா கதவைத் திறந்தார்.

“பிரேக் சார்தானே? வாங்க, வாங்க. அவ கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துடுவா.”

“அந்தப் பவுடர் டப்பா விஷயமா வந்தேங்க.”

பெரியவர் அலமாரியைத் திறந்தார். பச்சை டப்பாக்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. ஒவ்வொரு மூடியின் மேலும் ஆபீஸ் முத்திரையால் தேதி குத்தியிருந்தது. எல்லாம் பிரேக் தன் கையால் டப்பா கொடுத்த தேதிகள்.

பிரேக்குக்கு ஒன்றும் புரியவில்லை. “தினமும் காலையில பால்ல கலந்து குடிக்கறதாச் சொன்னாங்களே?”

பெரியவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவளுக்குப் பொறந்ததுலேர்ந்தே பால் ஒத்துக்காது தம்பி.”