மூன்று வரிக் கடிதம்

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்தில், ஏழு பயணிகள் கொண்ட சுற்றுலாக் குழுவில் அறுவர் எல்லைச் சாவடியின் வரிசையில் நின்றனர். ஏழாமவரான அக்கா பேருந்தை விட்டு இறங்க மறுத்தார். வரிசையில் அவருக்கு அடுத்த இடம் அவருடைய தங்கைக்கு; இருவருக்கும் பேச்சில்லை.

எழுவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டிருந்தது ஒரே அனுமதித் தாள். அதிலுள்ள வரிசைப்படி எழுவரும் ஒன்றாகக் கடக்கலாம். ஒருவர் குறைந்தாலும் எவரும் கடக்க இயலாது. சாவடி ஐந்து மணிக்கு மூடப்படும். இந்தப் பயணமும் தாமதமானால், அலுவலகத்தின் பின்னறையில் தொலைபேசி எடுக்கும் வேலைக்கு மாற்றிவிடுவதாகக் குழுவின் வழிகாட்டிக்கு மேலாளர் எழுத்து மூலம் தெரிவித்திருந்தார். முந்தைய இரண்டு தாமதங்களுக்கும் காரணம் ஒன்றே. பிறர் சண்டையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இராது.

இந்தச் சண்டை ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகத்தில் தொடங்கியது. ஒரு சிலையின் அடியிலிருந்த பலகையைக் காட்டி, "இதுல என்னடி போட்டிருக்கு?" என்று அக்கா கேட்டார். அன்று அது பதினேழாவது பலகை. கால் கடுத்துப்போயிருந்த தங்கை, எல்லோர் காதிலும் விழும்படி, "நீயே படிச்சுக்கோயேன்," என்றார். அவ்வளவுதான். அறுபதைக் கடந்த அந்த இருவரும் அதன்பின் முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனை சிறிய சொல்லுக்கு நான்கு நாள் மௌனமா என்று வழிகாட்டிக்கு விளங்கவேயில்லை. விளங்காத இடத்தில்தான் அவள் தலையை நுழைப்பாள்.

முதலில் தூது போனாள், சர்க்கரை தடவி.

"அந்த மகராசியை ஜன்னலைச் சாத்தச் சொல்லு," என்றார் அக்கா.

"உங்களுக்குச் சளி பிடிச்சிடுமோன்னு அக்கா கவலைப்படறாங்க," என்று தங்கையிடம் போய்ச் சொன்னாள் வழிகாட்டி.

தங்கையின் முகம் வெளிறியது. "எங்க அக்காவா அப்படிச் சொன்னா? அப்ப அவளுக்கு உடம்புக்கு என்னமோ ஆயிடுச்சு."

மருத்துவர் வரவழைக்கப்பட்டார். அக்காவின் நாடியில் குறையொன்றுமில்லை. கோபம் மட்டும் ஏறியிருந்தது. அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஒரு கோட்டை கைவிடப்பட்டது.

அடுத்து, அக்காவை முன்வரிசையிலும் தங்கையைக் கடைசி வரிசையிலும் உட்கார வைத்தாள். அதனால் செய்திகள் பேருந்து முழுவதும் வாய்மாறிச் சென்றன. போகிற போக்கில் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரு சொல் சேர்த்தனர். ஓய்வுபெற்ற தபால் அதிகாரி அக்கா கட்சி; அவர் மனைவி தங்கை கட்சி. புதன்கிழமை முதல் அவர்களுக்குள்ளும் பேச்சு நின்றது. இப்போது வரிசையில் அவ்விருவருக்கும் நடுவே ஒரு பெட்டி காவல் நின்றது.

மூன்றரை மணிக்கு வழிகாட்டி தன் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தங்கை எழுதுவதுபோல் எழுதினாள். 'அக்கா, நான் சொன்னது தப்பு. நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்லை. என்னை மன்னிச்சிடு.' மூன்றே வரி. பேருந்தில் ஏறி, தங்கை கொடுக்கச் சொன்னதாகக் கொடுத்தாள்.

அக்கா தாளை விரித்தார். கையை நீட்டி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு இறங்கி, நேரே தங்கையிடம் சென்று அதை நீட்டினார்.

இதை வழிகாட்டி எதிர்பார்க்கவில்லை. எழுதியவரிடமே எடுத்துக்கொண்டு போவார்களா? பின்னறையின் தொலைபேசி மணி அவள் காதில் ஒலிக்கத் தொடங்கியது.

தங்கை கடிதத்தைப் படித்தார். நிமிர்ந்து வழிகாட்டியைப் பார்த்தார். வழிகாட்டிக்கு அந்நேரம் பார்த்து ஒரு பெட்டியின் பூட்டைச் சோதிக்க வேண்டியிருந்தது. அவள் மறுபடி தலை தூக்கியபோது, தங்கை அக்காவைக் கைபிடித்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்து, தாழ்ந்த குரலில் வாசித்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணி ஆயிற்று. வாசிப்பு முடியவில்லை. நாலேகாலுக்குத் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே தாளை மேலும் வாசித்தார். அக்காவும் கண்ணைத் துடைத்தார். மேலாளருக்கு அனுப்பப் புகார் தயாராகிறது என்றே வழிகாட்டி முடிவு செய்தாள்.

நாலரைக்கு இருவரும் வந்து வரிசையில் அடுத்தடுத்து நின்றனர்.

சாளரத்தில் ஒவ்வொருவரும் கையொப்பமிட வேண்டும். அக்காவின் முறை வந்தபோது பேனா அசையவில்லை. அதிகாரி தலை நிமிராமல் மைப்பெட்டியை நகர்த்தினார். "கைநாட்டா? பரவாயில்லை, இடது கட்டைவிரலை வைங்கம்மா."

வழிகாட்டி அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சொல்லின் கனம் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

தங்கை அவள் பக்கம் சாய்ந்தார். "அம்மா போனப்புறம் இவ அடுப்படிக்குப் போனா, நான் பள்ளிக்கூடம் போனேன். இவளுக்கு வர்ற கடிதாசி எல்லாம் நான்தான் படிச்சுக் காட்டணும். என் மன்னிப்பை நானே படிச்சேன். நீங்க எழுதினதுன்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருக்கையில் எழுவரும் எல்லையைக் கடந்தனர். பேருந்து புறப்படுமுன் இவ்வாறு முடிவாயிற்று: அருங்காட்சியகப் பலகைகளைத் தங்கையே படிப்பார், சகோதரிகள் ஒரே இருக்கையில் அமர்வர், வழிகாட்டி எவருக்கும், குறிப்பாகத் தபால் அதிகாரிக்கும் அவர் மனைவிக்கும், தூது போவதில்லை.

தங்கை தண்ணீர் வாங்க இறங்கிய வேளையில், அக்கா வழிகாட்டியை அருகே அழைத்தார்.

"உன் தாளுல மூணு வரிதான் இருந்துச்சும்மா. அவ முக்கால் மணி நேரம் படிச்சா. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, எண்ணத் தெரியும்."