கார்த் தரிப்பிடம்வரை ஒரு பாலைவனப் பயணம்

உல்லாசப் பயணத் தலைவர் என்றொரு இனம் உண்டு. தேர்தல் வைத்து யாரும் அவரைத் தெரிவுசெய்வதில்லை. வட்ஸ்அப்பில் ஒரு குழுமத்தைத் தொடங்கி, அதில் நம்மையெல்லாம் கேளாமலே கொண்டுவந்து போட்டு, விடிந்ததும் 'வணக்கம் உறவுகளே' என்று எழுதிவிட்டால் அவர் தலைவர். அவ்வளவுதான்.

டென்மார்க்கில் எங்கள் இக்காஸ்ட் நகரில் இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி அன்புராஜா அண்ணை. சென்ற கோடையில் நாட்டின் வடமுனையில், ஸ்காகன் பக்கமுள்ள பெரிய மணல்மேட்டுக்கு, பாலைவனம் என்று எல்லாரும் செல்லமாகச் சொல்கிற இடத்துக்கு, சில குடும்பங்களை அழைத்துப்போக முடிவெடுத்தார். முடிவெடுத்தவர் சும்மா இருப்பாரா? எந்தக் கண்டத்திலோ இருக்கிற ஒரு பாலைவனத் தேசியப் பூங்காவின் இணையப் பக்கத்தை வரி விடாமல் வாசித்து, மலையேற்றம், பறவை பார்த்தல், மணலில் சறுக்குதல், நட்சத்திரம் பார்த்தல் என்று நிகழ்ச்சி நிரல் போட்டு, தண்ணீர் கலன் கலனாகக் கொண்டுவரவும், நண்பகலில் நடக்கவேண்டாம், சப்பாத்தைப் போடுமுன் தேள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கவும் என்று குரல்பதிவு மேல் குரல்பதிவாக அனுப்பினார். டென்மார்க்கில் தேள்! ஜூன் மாதத்தில் நட்சத்திரம்! கோடையில் நடுச்சாமத்திலும் வெளிச்சம் போகாத நாடு இது; இருட்டினால்தானே ஐயா அது தெரியும்?

எல்லாரும் குழுமத்தில் கட்டைவிரல் குறி போட்டோம். தலைவரிடம் கேள்வி கேட்டால் அடுத்த முறை கோழி பொரிக்கும் பொறுப்பு நம் தலையில் விழும்.

போய் இறங்கினால் தூறல். காற்று ஆளைத் தூக்குகிறது. தண்ணீர்க் கலன்கள் இருந்தன, அகன்ற வெயில் தொப்பிகள் இருந்தன, பாம்புக் கடிக்குக் கட்டுத்துணிகூட இருந்தது. மழைச்சட்டை மட்டும் ஒருவரிடமும் இல்லை. பிறகென்ன, நமக்கே உரிய வெளிக்கள விளையாட்டு ஆரம்பமானது: கார்த் தரிப்பிடத்திலேயே பின்கதவுகளைத் திறந்து, சட்டிகளை இறக்கி, இடியப்பத்தையும் ஆட்டிறைச்சிக் கறியையும் மணலிலிருந்து காப்பாற்றுவது. டெனிஷ்காரர்கள் ஆளுக்கொரு துண்டு ரொட்டியோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாவம், வீட்டில் சமைக்க ஆளில்லை போலும்.

இங்கேதான் தலைவரின் மனைவி கிருபாமலர் அக்கா வருகிறார். முதியோர் இல்லத்தில் வேலை. நாள் முழுக்கப் பிறரைக் கைபிடித்து நடத்துகிறவர். ஆனால் எந்தப் பயணத்திலும் சட்டிக்குக் காவல் அவர்தான். மிருகக்காட்சிச்சாலைக்குப் போய் யானை பார்க்காதவர், கடற்கரைக்குப் போய்க் கால் நனைக்காதவர். அன்று மேட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இஞ்சேருங்கோ, நான் உதிலை ஒருக்கா ஏறிப் பாத்திட்டு வரட்டே?"

"உமக்கென்ன விசரே? சாமானுக்கு ஆர் காவல்? கடல்காகம் கறியிலை வாய் வைச்சிடும்!"

பறவை பார்த்தல் என்று நிரலில் போட்டவர் இவர்தான்.

"அப்ப நீங்களே பாருங்கோ" என்றார் அக்கா. அகப்பையைக் கணவர் கையில் வைத்தார். சப்பாத்தைக் கழற்றினார். போய்விட்டார்.

அகப்பை பிடித்த தலைவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் தட்டும் கையுமாக வரிசையில் நிற்கிறோம்; எந்தச் சட்டியில் சொதி, எதில் சம்பல் என்று அவருக்குத் தெரியாது; திறந்த மூடியைக் காற்று உருட்டிக்கொண்டு போகிறது; அதைத் துரத்தினால் இடியப்பத்தில் மணல் விழுகிறது. "கிருபா! கிருபா!" என்று கத்தினார்.

மகள் ஷாரன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, அம்மாவை அவர்பாட்டுக்குப் போகவிடும்படி டெனிஷில் சொல்லிவிட்டு, தானும் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் உச்சியில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. அக்கா இரண்டு கைகளையும் விரித்து, இந்தப் பக்கக் கடலையும் அந்தப் பக்கக் கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே வரும் எண்ணமே இல்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம். பசிதான், ஆனாலும் சந்தோஷம்.

வீடு திரும்புமுன்னரே குழுமத்தில் தலைவரின் அறிக்கை வந்துவிட்டது: 'நிகழ்ச்சி நிரலின்படி மலையேற்றம் சிறப்பாக நடைபெற்றது.'

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடிந்ததும், போன கோடைப் பயணத்தில் எடுத்த படங்களை ஒருதரம் புரட்டிப் பாருங்கள். எல்லாப் படத்திலும் நீங்கள் நிற்கிறீர்களா? அப்படியானால் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தது யார்?