எங்கள் வீட்டுக்கு மட்டும் பழைய நிறம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவள் என்னோடு பேசி நான்கு நாளாகிறது, ஆகவே அவள் நலத்தை விசாரித்துச் சொல்ல முடியவில்லை. என் மகளும் பேரப்பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், மாநகராட்சிக்காரர்கள் தெருமுனையில் புது நகரத் திட்டத்தின் வரைபடம் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். மஞ்சள் என்றால் வீடு, நீலம் என்றால் கடை. நம் தெரு முழுக்க மஞ்சளும் நீலமும் கோடுகோடாகக் கிடந்தது. கலப்புப் பயன்பாடாம். கீழே கடை, நடுவே ஆபீஸ், மேலே வீடு என்று இடித்துக் கட்டிக்கொள்ளலாமாம். எனக்கு ஒரு மண்ணும் புரியலை மாப்பிள்ளை. கட்டிலுக்குக் கீழ டயர் கடை வந்தா மனுஷன் எப்படித் தூங்குறது? உங்க அத்தை என்னடான்னா, "முன் ரூம்ல தையல் மிஷின் போட்டு நாலு பிளவுஸ் தைப்பேன், பேசாம சம்மதம்னு கையெழுத்துப் போடுங்க"ன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. வீடா, கடையா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்கடான்னா ரெண்டும்ங்கிறான்!

நீங்கள் போனில், "அவசரப்படாதீங்க மாமா, பழைய வரைபடத்தை ஒரு தடவை பாத்துட்டு எழுதுங்க" என்றீர்கள். நான் முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன். ஆட்சேபத்துக்கு ஒரு மாத அவகாசம் என்றால், எனக்கு அது முதல் நாள் காலை பத்து மணி. கதவு திறந்ததும் முதல் மனு என்னுடையதுதான். 'ஊர் எப்படியோ போகட்டும், என் மனையை மட்டும் பழைய திட்டப்படியே விட்டுவிடவும்.'

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நகரமைப்பு அதிகாரி நம்ம பொண்ணு வயசுதான். "ஐயா, பழைய திட்டப்படின்னா சரியா? நல்லா யோசிச்சீங்களா?" என்று மூன்று தடவை கேட்டது. "அதுல என்னம்மா யோசனை?" என்றேன். அந்தப் பெண் ஏன் என்னை அவ்வளவு பரிதாபமாகப் பார்த்தது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. மனு ஏற்கப்பட்டது என்று வீட்டில் சொன்ன நிமிஷத்திலிருந்து உங்கள் அத்தை மௌனம்.

போகட்டும். இருபத்தாறு வருடம் படுத்த கட்டிலை விட்டு நான் அசையப்போவதில்லை. எங்களால் உங்களுக்கு எந்தக் காலத்திலும் தொந்தரவு வராது. எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஜெயித்துவிட்ட உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போதே உத்தரவு வந்துவிட்டது. பழைய திட்டத்தில் நம் வீடு மஞ்சளே இல்லையாம் மாப்பிள்ளை, முழு நீலமாம். ஒரு காலத்தில் இங்கே மரக்கடை இருந்ததாம், அதற்குப் பிறகு யாரும் திருத்தவே இல்லையாம். புதுத் திட்டம்தான் நம்மைக் குடியிருக்க விட்டிருக்குமாம். இப்போது தெருவில் எல்லோரும் இருக்கலாம், நாங்கள் கூடாது. கடை நடத்தலாம், காவலுக்கு ஒரே ஒருவர் தங்கலாம். என் கையிலிருந்து தாளை வாங்கிப் படித்த உங்கள் அத்தை நாலு நாளுக்கு அப்புறம் வாயைத் திறந்தாள்: "அந்த ஒருத்தர் நான். மிஷின் நாளைக்கு வருது. நீங்க மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புங்க."

வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபது பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் உங்கள் வீடு என்ன நிறம் என்று தயவுசெய்து பார்த்து வையுங்கள்.